ஆடிக் கடலும் மரக்கறிச் சட்டியும்

சிலாபத்திற்கும் புத்தளத்திற்கும் இடையே, மேற்கில் பெருங்கடலும் கிழக்கில் முந்தல் களப்பும் நெருக்கி நிற்கும் ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்தது உடப்பு. கரைவலை இழுப்போரின் ஊர் அது. மூதாதையர் இராமேசுவரக் கரையிலிருந்து வந்தனர் என்பது ஊர் மரபு. திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீமிதிப்பும், வலை இழுக்கையில் எழும் அம்பாப் பாடல்களும் அவ்வூரின் பெயரை வெளியுலகிற்கு எடுத்துச் சென்றன. மீன் இல்லாத நாளில் அடுப்பேறிய சட்டிக்கும் சரித்திரம் உண்டு.

மீனவர் ஊரில் மரக்கறிச் சமையலுக்கு என்ன சரித்திரம் என்று நகைப்போர் நாட்காட்டியைப் பார்க்கட்டும். ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்கிறது. ஆடி மாதம் அக் கொந்தளிப்பின் நடுவே விழுகிறது. அம்மன் விழாவும் ஆடியிலேதான். விரதம் காப்போர் மீனைத் தொடார். பக்தி பொய்யென்று கூறுவது எமது நோக்கமன்று. ஆயினும், கடல் கைவிரிக்கும் காலமும் மீனை விலக்கும் காலமும் ஒன்றாக அமைந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. இல்லாமைக்கு நோன்பு என்று பெயரிட்டபின் அதை மானத்தோடு உண்ண முடிகிறது.

மாசிக் கருவாடு சேராத கறிக்குச் சுவையை எங்கிருந்து கொணர்வது? தேங்காயிலிருந்து. பூசணியோ பயற்றங்காயோ இரண்டாம் பாலில் வேகும். கெட்டியான முதற்பால் இறுதியில் சேர்ந்து, திரைந்து போகுமுன் சட்டி இறங்கும். வெந்தயமும் கறிவேப்பிலையும் மணத்தைத் தரும். பழப்புளி மீன் விட்டுச்சென்ற இடத்தை ஓரளவு நிரப்பும். முருங்கையிலை தேங்காய்ப்பூவோடு வறையாகும். வாழைக்காய் கறியானால் அதன் தோல் அவிந்து சம்பலாகும். பலாச்சுளையைத் தின்றவர்கள் கொட்டையைக் குழம்புக்கு எடுத்துவைப்பர். ஈழத்துத் தமிழ்ச் சமையலறைகள் பலவற்றிற்கும் பொதுவான இந்நுட்பங்களைக் கண்டுபிடித்த பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மரவள்ளியின் கதை இன்னும் சுவையானது. தென்னமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கை 1786-ல் மொரீசியசிலிருந்து இலங்கைக்குத் தருவித்தவர் ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராப் என்பர். கிழங்கை ஆளுநர் கொணர்ந்தார். அதன் நஞ்சை அடக்கி உண்ணும் வித்தையைக் குடிமக்களே கற்றனர். சயனைட்டை வெளிவிடும் பொருள் அதில் உண்டு. ஆகவே தோலை முழுவதும் உரித்து, நிறைந்த நீரில், மூடாத பானையில் அவிக்கின்றனர். மரவள்ளி உண்ணும் வேளையில் இஞ்சியைச் சேர்க்கலாகாது என்பது இந்நாட்டுச் சமையலறைகளின் எழுதாச் சட்டம். அதன் காரணத்தை இரசாயனிகள் ஆராயட்டும்.

இக்கிழங்கு ஏழையின் தட்டில் நிலைத்தது மண்ணின் வளத்தால் மட்டுமன்று. தேயிலையும் இரப்பரும் தெங்கும் ஏற்றுமதிக்காகப் பரவிய நாட்டில் அரிசி கப்பலில் வந்தது. 1942-ல் யப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். பர்மா அரிசி நின்றது. கூப்பன் வந்தது, கோதுமை மா வந்தது. அரிசிமாவுக்கே பழகிய புட்டுக்குழல் கோதுமை மாவையும் ஏற்றது. கோதுமை மாவை முதலில் அவித்து, அரித்து, பின்னரே குழைத்தால் புட்டு களியாகாது என்பதை எந்த அரசாங்க அதிகாரியும் கற்பித்திருக்க மாட்டார்.

1953-ல் ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. பள்ளிப் பிள்ளைகளின் இலவச உணவும் நின்றது. ஆகஸ்ட் 12-ம் நாள் ஹர்த்தாலில் நாடு நிலைகுலைய, மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அன்றும் ஆடி மாதமே!

1970-களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. வாரத்தில் இரு நாட்கள் உணவுச்சாலைகளில் சோறு பரிமாறத் தடை, பாணுக்கு வரிசை. மிளகாய், வெங்காயம் பயிரிட்ட யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அக்காலம் நல்ல விலை தந்தது. விலை கொடுத்து வாங்கியோருக்கோ மரவள்ளியே மீண்டும் துணை. ஒரே சட்டம் இரு வீடுகளில் இரு விதமாக வெந்ததை இடதுசாரிகளாகிய நாம் போதிய அளவு ஆராயவில்லை என்றே கருதுகிறேன்.

2021-ல் இரசாயன உரத்திற்குத் தடை. 2022-ல் டொலர் வறட்சி. எரிவாயு கிடையாமையால் பொச்சுமட்டையும் சிரட்டையும் மீண்டும் அடுப்புக்கு வந்தன. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் கணக்கின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பஞ்சம் தோன்றும்தோறும் கிழங்கின் பெருமையைப் பேச மேடைகள் எழுவது வழக்கம். மூன்று வேளையும் அதையே அவிக்கும் பெண்ணை மேடைக்கு அழைப்பதில்லை. அந்த ஆடி முடிந்து சில நாட்களில், ஆகஸ்ட் பிற்பகுதியில், ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. காற்று அடங்கிய பின்னரும் இயந்திரப் படகுகள் பல கரையிலேயே கிடந்தன.