மின்சாரக் காரும் செப்பனிடும் கலையும்

மின்சாரக் கார் நம் காலத்துப் புதுமை என்று கருதுவோர் பலர். ஆயின், அதன் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டது. விபத்துக்குள்ளான மின்சார வண்டியைச் செப்பனிடும் கலையும் அவ்வரலாற்றின் ஒரு கூறே ஆகும்.

1897ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கின. மோரிஸ், சாலம் என்னும் இருவர் வகுத்த அத்திட்டத்தில் வண்டிகள் விற்கப்படவில்லை, வாடகைக்கே விடப்பட்டன. மின்னேற்றம், பராமரிப்பு, பழுதுபார்ப்பு ஆகிய யாவும் ஒரே நிலையத்தில் நடைபெற்றன. கனத்த ஈய மின்கலங்கள் ஒரு தட்டில் அடுக்கப்பெற்று, முழுமையாக வெளியே இழுத்து மாற்றத்தக்கனவாய் இருந்தன. எனவே, வண்டியை ஒருபுறமும் மின்கலத்தை மறுபுறமும் வைத்துச் சோதிக்க இயன்றது.

விபத்துகளும் நேராமல் இல்லை. 1899 செப்டம்பர் 13இல் அந்நகரில் டிராம் வண்டியிலிருந்து இறங்கிய ஹென்றி பிளிஸ் என்பவரை ஒரு மின்சார வாடகை வண்டி மோதியது. மறுநாள் அவர் உயிர் துறந்தார். அமெரிக்காவில் மோட்டார் வண்டியால் நேர்ந்த முதல் உயிரிழப்பாக இது குறிக்கப்படுகிறது.

பின்னர்ப் பெட்ரோல் வண்டிகள் மேலோங்கவே, மின்சார வண்டிகளும் அவற்றைப் பேணிய நிலையங்களும் மறைந்தன. லித்தியம் மின்கலத்தோடு அவ்வண்டி மீண்டும் வந்தபோது, பட்டறைகள் புதுப்பாடம் கற்க வேண்டியிருந்தது.

அப்பாடத்தைப் புகட்டியது 2011ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மின்சாரத்தாலும் பெட்ரோலாலும் இயங்கும் செவ்ரோலே வோல்ட் கார் ஒன்று சோதனைக்காகப் பக்கவாட்டில் மோதப்பட்டது. மின்கலப் பெட்டி துளைக்கப்பட்டுக் குளிர்விக்கும் நீர்மம் கசிந்தது. உடனே தீமை ஏதும் தோன்றவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, நிறுத்தி வைத்த இடத்திலேயே அக்கார் தீப்பற்றி எரிந்தது. மோதலுக்குப்பின் மின்கலத்தில் எஞ்சிய மின்னாற்றல் வெளியேற்றப்படாமையே அதற்கு வழிவகுத்தது. மறு ஆண்டே அக்காரின் மின்கலப் பாதுகாப்பு வலுப்படுத்தப்பட்டது.

ஆகவேதான், அடிபட்ட மின்சாரக் காரைப் பிற வண்டிகளினின்று விலக்கி வைக்கின்றனர். பயிற்சி பெற்றவர் மின்காப்புக் கையுறை அணிந்து மின்னிணைப்பைத் துண்டிக்கிறார். மின்னழுத்தம் அறவே இல்லை என அளந்தறிகிறார். அதன்பின் மின்கலப் பெட்டியின் அடிப்புறத்தை ஆராய்கிறார். தகட்டின் நெளிவை நீக்குவது இவற்றிற்குப் பிந்திய வேலையே. மின்கலத்தின் விலை மிகுதியாதலின், அதன் நிலையை உறுதிசெய்ய இயலாதபோது, ஓடத்தக்க காரும் காப்புறுதிக் கணக்கில் முற்றும் சேதமுற்றதாகிவிடுவதுண்டு.

அன்று ஒரே கூரையின்கீழ் இருந்த அறிவு இன்று ஒவ்வொரு பட்டறைக்கும் தேவையாகிறது. பொருளைப் படைக்கும் அறிவோடு அதைச் செப்பனிடும் அறிவும் வளர்ந்தாலன்றிப் புதுமை நிலைபெறாது என்பதே இவ்வரலாறு மாணவர்க்கு உணர்த்தும் உண்மையாகும்.