கேளம்பாக்கம் உப்பளத்தில் ஆண் எங்கே?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1998இல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளம்பாக்கம் உப்பளத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். அன்று அதுவும் நம் காஞ்சிபுரம் மாவட்டம்தான். 2019இல்தான் செங்கல்பட்டு மாவட்டத்தோடு பிரிந்து போனது. உப்பு விளையும் பாத்திக்கு முந்தைய பாத்தியில், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், மல்லாந்தபடி நீந்திக்கொண்டிருந்தன ஆர்டீமியா என்னும் குட்டி உயிர்கள். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு பாட்டிலில் பிடித்து வந்தோம். நுண்ணோக்கியில் பார்த்த ஒரு மாணவி, "சார், எல்லாத்துக்கும் முட்டைப் பை இருக்கே, இதுல ஆண் எது?" என்று கேட்டாள். "நல்லாப் பாரும்மா, இருக்கும்" என்றேன்.

தப்பான பதில். நம் தென்னாட்டு உப்பளங்களின் பழைய ஆர்டீமியா கூட்டங்கள் ஏறக்குறைய முழுக்கப் பெண்கள். ஆண் துணை இல்லாமலே தாய் மகளைப் பெறும், மகள் பேத்தியைப் பெறுவாள். இது எனக்குத் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

உப்புக்கும் நம் ஊருக்கும் உறவு பழையது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலேயே உமணர்களின் உப்பு வண்டிகள் வருகின்றன. உப்பளத்துக்காரர்கள் இந்த உயிரை அன்றே பார்த்திருக்கத்தான் வேண்டும். ஆனால் ஏட்டில் ஏறியது 1750களில், இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளத்தில் ஷ்லோசர் என்பவர் பார்த்து எழுதிய பிறகு. 1758இல் லின்னேயஸ் தன் பட்டியலில் சேர்த்தார். இந்தியாவில் 1950களில் பம்பாய் வடாலா உப்பளத்திலிருந்தும் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியிலிருந்தும் பதிவானது. பிறகு தூத்துக்குடி, வேதாரண்யம் என்று பட்டியல் நீண்டது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இது 100 கிராமுக்கு மேலும் சுகமாக வாழும். அந்த உப்பில் மீன் பிழைக்காது, ஆகவே இது மீனுக்கு இரையாவதில்லை. பாசியைத் தின்று பாத்தி நீரைத் தெளிய வைப்பதால் உப்புக்காரருக்கும் லாபம். நிலைமை மோசமானால் குட்டி போடுவதை நிறுத்திவிட்டுக் கெட்டி ஓடுள்ள முட்டை இடும். பார்க்கக் காபித்தூள் மாதிரி இருக்கும். ஒரு கிராமில் இரண்டு மூன்று லட்சம் முட்டை. உள்ளே கரு வளர்ச்சியை நிறுத்திவிட்டு வருடக்கணக்கில் உறங்கும். 1972இல் அப்பல்லோ 16இல் நிலவு வரை போய் வந்ததும் இந்த முட்டைதான். கடல்நீரில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரோடு நீந்தும்.

அந்தக் குணம்தான் வினையானது. பிறந்த குஞ்சு மீனுக்கும் இறாலுக்கும் இது அருமையான தீனி என்று 1930களில் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியில் முட்டையை அள்ளி, டப்பாவில் அடைத்து உலகமெங்கும் விற்றார்கள். 1990களில் நம் கடற்கரையில் இறால் பண்ணைகள் பெருகியபோது குஞ்சு பொரிப்பகங்களுக்கு அந்த டப்பா வந்தது. நம் உப்பளத்திலேயே இருப்பதை ஏன் அங்கிருந்து வாங்க வேண்டும்? பட்டு நூலுக்குக் கர்நாடகத்தைப் பார்த்திருக்கும் ஊர்க்காரன் நான் இதைக் கேட்கக்கூடாதுதான். 2009க்குப் பிறகு வளர்க்கும் வன்னாமெய் இறாலே பசிபிக் கரையிலிருந்து வந்ததுதானே!

டப்பாவில் வந்தது பிரான்சிஸ்கானா என்ற இனம். அதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. வேகமாகப் பெருகும். அது நம் உப்பளங்களுக்குள் புகுந்து உள்ளூர்க் கூட்டங்களை அப்புறப்படுத்திவருகிறது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2012இல் எழுதினார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் உப்பளங்களிலும் இதே கதை. பெற்றதெல்லாம் மகளாகவே வந்த ஒரு வம்சம், ஒரு டப்பாவால் அற்றுப்போகிறது. ஒரு பாத்தியில் போனால் அந்தப் பாத்தியில் திரும்ப வருவது கடினம்.

அந்த மாணவி இதைப் படித்தால், அம்மா, உன் கண் சரியாகத்தான் பார்த்தது. சார்தான் தப்பு.

ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகள் யாராவது உப்பளத்துக்காரரிடம் கேட்டு ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வாருங்கள். என் பழைய நுண்ணோக்கி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. தலையில் கொக்கி மாதிரி பெரிய கொடுக்கு இருந்தால் ஆண். இருக்கிறதா என்று பார்ப்போம்.