நெருக்கடி வேளையும் ஊராரின் பொறுப்பும்: தற்கொலைத் தடுப்புக் கல்வி குறித்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 'தீராத வயிற்று வலியால்' என்று காரணம் சொல்லும் செய்திகளை நாளிதழ்களில் படித்துப் பழகிவிட்டோம். அந்த வலிக்குப் பின்னால் கடனா, குடியா, வீட்டில் அடி உதையா, மனச்சோர்வா என்று விசாரிப்பவர் குறைவு.

இதற்கு நாம் நடத்தும் பாடம் என்ன? உலகத் தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10 வந்தால் கல்லூரி அரங்கில் ஓர் உரை, ஒரு பதாகை, ஓர் உறுதிமொழி. 'தைரியமாக இரு' என்று துயரப்படுபவரிடம் சொல்லும் இந்தக் கல்வி, ஆளை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. கற்க வேண்டியவர்கள் அவரைச் சுற்றியிருப்பவர்கள். கற்க வேண்டியவை சில செயல்கள். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. கைக்கெட்டாத தூரம்

சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சில மணி நேரமே உச்சத்தில் நிற்கிறது, சிலருக்கு நிமிடங்கள்தாம். அந்த வேளையைக் கடந்து பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளிலும் தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே தடுப்பின் முதல் வேலை, அவகாசம் வாங்கித் தருவது.

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் இது செய்து பார்க்கப்பட்டது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பு, 2010இல் அங்கே இரு ஊர்களில் பூச்சிமருந்துக்கென்று பொதுக் கிடங்குகளை நிறுவியது. உழவருக்கு ஆளுக்கொரு பெட்டி. பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று உழவரிடம், மற்றொன்று கிடங்குப் பொறுப்பாளரிடம். மருந்தடிக்கும் நாளில் வந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப வைத்துவிட வேண்டும். வீட்டுப் பரணில் மருந்து இல்லை, அவ்வளவுதான். அவ்வூர்களில் பூச்சிமருந்தால் நேர்ந்த சாவுகள் குறைந்தன. இந்த ஏற்பாட்டில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நாட்டளவில் இதற்குச் சான்று இலங்கை. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளை அந்நாடு அடுத்தடுத்துத் தடை செய்தது. தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு சரிந்தது. 1995 முதல் 2015 வரை ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது மதிப்பீடு.

பள்ளித் தேர்விலும் இதே தத்துவம்தான். தேறாதவர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை, உடனே துணைத் தேர்வு எழுதலாம் என்று தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாடு, 'எல்லாம் போச்சு' என்று நினைக்கும் பிள்ளைக்கு அவகாசம் தருகிறது. ஆனால் முடிவு வெளியாகும் நாளில் இதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும்.

3. விட்டுவிடாத தொடர்பு

பெரும்பாலோர் மீள்கிறார்கள் என்றாலும், மற்றவர்களோடு ஒப்பிட்டால் முயன்று பிழைத்தவரே மறுபடி பேராபத்தில் இருப்பவர். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில், சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில், அப்படிப் பிழைத்த 1,867 பேரிடம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதனுடன் ஒரு மணி நேர உரையாடல். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. முதற்பிரிவில் தற்கொலையால் இறந்தோர் 2.2 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 0.2.

ஒன்பது முறை விசாரிப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. கிராம சுகாதாரச் செவிலியரும் மகளிர் குழுத் தலைவியும் பயிற்சி பெற்றால் செய்துவிடலாம்.

4. போலீஸ் பயம்

'கேஸ் ஆகிவிடும்' என்று மருத்துவமனைக்குப் போகவே தயங்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 115, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. தண்டனை இல்லை, பராமரிப்பது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டிய செய்தி இது.

5. கேட்கும் விதம்

பயிற்சியின் கடினமான பகுதி பேச்சுதான். 'உனக்கு என்ன குறைச்சல்?', 'புள்ளைங்களை நெனச்சுப் பாத்தியா?' என்பவைதாம் நம் வாயில் முதலில் வருகின்றன. இரண்டும் குற்றவுணர்வைக் கூட்டி, வாயை அடைத்துவிடும். பதிலாக, தனியே உட்கார்ந்து நேராகவே கேட்கலாம்: 'செத்துடலாம்னு தோணுதாம்மா?' இப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. கேட்டபின் குறுக்கிடாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆபத்து நெருக்கமெனத் தெரிந்தால் ஆளைத் தனியே விடாமல், ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்தி, அரசு மருத்துவமனைக்கு உடன் செல்ல வேண்டும்.

பூச்சிமருந்துக் கடைக்காரர், வட்டிக் குழுவின் வசூல்காரர், விடுதிக் காப்பாளர் ஆகியோர் இப்பயிற்சிக்கு அழைக்கப்படுவதே இல்லை. அழைக்க வேண்டிய முதல் மூவர் இவர்களே.

மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது, இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. உங்களுக்கோ, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவருக்கோ இன்று தேவைப்பட்டால், இன்றே அழையுங்கள்.