காறையெலும்பும் கல்லமேடும்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரை செல்வோர் வேட்டங்குடிக் கண்மாய்களில் நத்தைக்குத்தி நாரைகள் நிற்பதைக் கண்டிருப்பர். டைனோசர் இனம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றும் அழிந்தது என்று பள்ளியில் படித்தோர்க்கு அந்நாரைகளே மறுமொழி. பறவையும் டைனோசரே என்பது இன்றைய தொல்லுயிரியலின் முடிபு.

இம்முடிபு எளிதில் எய்தப்பட்டதன்று. 1861இல் செருமனியின் பவேரியச் சுண்ணாம்புப் பாறையில் ஆர்க்கியாப்டெரிக்ஸ் வெளிப்பட்டது. அதற்கு இறகு உண்டு. பல்லும், விரல் நகங்களும், எலும்பாலான நீண்ட வாலும் உண்டு. சில ஆண்டுகளிலேயே ஹக்ஸ்லி இவ்வுறவை எடுத்துரைத்தார். ஆயினும் டென்மார்க்கு நாட்டு ஓவியர் ஹைல்மன் 1926இல் வெளியிட்ட நூல் அதனை மறுத்தது. பறவைக்குக் காறையெலும்பு உண்டு, டைனோசருக்கு இல்லை, இழந்த உறுப்பு மீளாது என்பது அவர் வாதம். கூரிய வாதந்தான். ஆனால் 1924இலேயே விவரிக்கப்பட்ட ஓவிராப்டரில் அந்த எலும்பு இருந்தது! வேறோர் எலும்பென்று தவறாகப் பெயரிடப்பட்டிருந்தது. எலும்பு பேணப்பட்டிருந்ததால் பிழை பின்னர் திருந்தியது. 1964இல் ஆஸ்ட்ரம் கண்டெடுத்த டைனோனைக்கஸ் உறவை மீட்டது. 1996இல் சீனத்தின் லியாவ்னிங் தந்த இறகு போர்த்த டைனோசர் ஐயத்தைப் பெரிதும் போக்கிற்று.

தமிழ் மண்ணின் எலும்புக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளை, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980களின் பிற்பகுதியில் விவரித்துப் பிருகத்காயசாரஸ் எனப் பெயரிட்டனர். காலெலும்பு ஒன்றே ஏறத்தாழ இரண்டு மீட்டர். முதலில் அதனை ஊனுண்ணிக் குடியில் சேர்த்தனர். அஃதாவது நாரையின் குடியில். பின்வந்தோர் தழையுண்ணும் நெடுங்கழுத்துக் குடிக்கு மாற்றினர். அக்குடிக்கு இன்று வழித்தோன்றல் இல்லை. எது சரியென எலும்பையே கேட்கலாமென்றால், அது பொடிந்து போயிற்று. வரைபடங்களும், 2022இல் வெளியான பழைய ஒளிப்படங்களுமே எஞ்சின. உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாகக் கருதப்படுவதற்கு இந்நிலை!

வேட்டங்குடி 1977இல் சரணாலயமாயிற்று. அதற்கு முன்பிருந்தே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் நாரைகளைக் காத்து வந்தனர். கூட்டிலுள்ள குஞ்சுகள் அஞ்சுமென்று தீபாவளியிலும் அவ்வூரார் வெடி வெடிப்பதில்லை.