உண்மையைச் சொல்லாமல் ஒப்புரவு உண்டா?



நவம்பர் மாதம் இறந்தோருக்காக நாம் சிறப்பாகச் செபிக்கும் மாதம். இரண்டாம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மெழுகுதிரி ஏற்றி வந்தோம். நம் வீட்டுப் பெரியவர்களின் பெயர்களைப் பூசைக் கருத்தாக எழுதிக் கொடுத்தோம். நினைப்பதற்கு ஆளில்லாத ஆன்மாக்களையும் மறக்கக் கூடாது என்று திருச்சபை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆகவே இன்று கடல் கடந்து போன நம் மக்களையும், அந்த நாட்டில் அரசியல் வன்முறைக்குப் பலியானவர்களையும் நினைத்துப் பார்ப்போம்.

1860-ஆம் ஆண்டு, இதே நவம்பர் மாதம் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தைச் சேர்ந்தது. அதில் வந்தவர்கள் கரும்புத் தோட்டத்தில் வேலை செய்ய ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட்ட கூலித் தொழிலாளர்கள். 1911 வரைக்கும் இப்படிப் போனவர்கள் ஏறத்தாழ 1,52,000 பேர். தமிழரும் தெலுங்கருமாகச் சென்னை மாகாணத்து மக்களே அவர்களில் மிகுதி. கத்தோலிக்கரும் இருந்தார்கள். அவர்களுக்காகவே அமலமரித் தியாகிகள் சபையின் அருள்தந்தை சபோன் டர்பனில் தமிழ் கற்றுக்கொண்டார்.

அந்த நாட்டில் நம் மக்களுக்கு நேர்ந்த அநீதிகளில் ஒன்றை நாம், கிறிஸ்தவர்கள், குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். 1913 மார்ச்சில் கேப் உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவ முறைப்படி நடந்த திருமணங்களே சட்டப்படி செல்லும் என்பது அதன் பொருள். தாலி கட்டிக் குடும்பம் நடத்திய பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர்கள் ஆனார்கள். நம் ஆண்டவரின் பெயரால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் மானம் பறிக்கப்பட்டது. அதை எதிர்த்துச் சிறை சென்ற பெண்களோடு, தில்லையாடியை வேராகக் கொண்ட வள்ளியம்மையும் போனாள். சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தாள்.

1948-இல் இனஒதுக்கல் கட்சி ஆட்சிக்கு வந்தது. குடியிருப்பு, பள்ளிக்கூடம், பேருந்து, கடற்கரை, திருமணம் என எல்லாவற்றையும் தோல் நிறத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆட்சியாளர்கள் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போனவர்கள். பிரிவினை கடவுளின் ஏற்பாடு என்று விவிலியத்தைக் கையில் வைத்தே விளக்கம் சொன்னார்கள். நம் கத்தோலிக்க ஆயர்கள் 1957-இல், இனஒதுக்கல் அடிப்படையிலேயே தீயது என்று அறிக்கை விட்டார்கள். ஆனால் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களின் கதவை எல்லா நிறத்தவருக்கும் திறப்பது என்று ஆயர்கள் முடிவெடுத்தது 1976-இல்தான். வாயால் சொன்னது வாசலுக்கு வர 19 ஆண்டுகள் ஆயின.

எதிர்த்தவர்களை அந்த அரசு விட்டு வைக்கவில்லை. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் கூடிய கறுப்பின மக்கள் மீது போலீசார் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். பிறகு, விசாரணை இல்லாமல் எவ்வளவு நாளும் அடைத்து வைக்கச் சட்டங்கள் வந்தன.

அந்தக் கொடுமைக்கு ஆளானவர்களில் சாந்தி நாயுடு ஒருவர். காந்தியோடு நின்று போராடிய தம்பி நாயுடுவின் பேத்தி. 1969-இல் கைதாகி 371 நாட்கள் தனிமைச் சிறையில் இருந்தார். வின்னி மண்டேலாவுக்கும் மற்றவர்களுக்கும் எதிராகச் சாட்சி சொன்னால் போதும், வழி பிறக்கும் என்ற நிலை. நீதிமன்றத்தில் நின்று, என் தோழிகளுக்கு எதிராகச் சொல்ல என் மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்துவிட்டார். அதற்கும் தண்டனை கிடைத்தது.

அகமது திமோல் என்ற 29 வயது ஆசிரியர் குஜராத்திக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1971 அக்டோபர் 27 அன்று ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்திலிருந்து கீழே விழுந்து இறந்தார். பத்தாவது மாடியிலிருந்து அவரே குதித்தார் என்றது போலீஸ். தற்கொலை என்றே 1972-இல் கோப்பை மூடினார்கள்.

டர்பனின் பிலிஸ் நாயுடு ஒரு வழக்கறிஞர். 1979-இல் லெசோத்தோவில் அகதியாக இருந்தபோது, தபாலில் வந்த குண்டு வெடித்துக் காயம்பட்டார். அதே வெடிப்பில் ஆங்கிலிக்கன் குருவான ஜான் ஆஸ்மர்ஸ் கையை இழந்தார். பிலிஸின் மகன் சாதன் 1989-இல் சாம்பியாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வாளொன்று இதயத்தை ஊடுருவும் என்று மரியாவிடம் சிமியோன் சொன்னது எத்தனை தாய்மாருக்குப் பொருந்துகிறது, பாருங்கள்.

1994-இல் ஆட்சி மாறியது. பழி வாங்குவதா, மறந்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. இரண்டும் வேண்டாம் என்று 'உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம்' அமைத்தார்கள். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைவர். 1996 ஏப்ரல் 15 அன்று முதல் விசாரணை கூடியது. பாதிக்கப்பட்டவர்கள் 21,000-க்கும் மேற்பட்டோர் வாக்குமூலம் கொடுத்தார்கள். திமோலின் வயதான தாயும் வந்து பேசினார். குற்றம் செய்தவர் நடந்ததை முழுமையாகச் சொன்னால் பொதுமன்னிப்புக் கேட்கலாம். 7,000-க்கும் அதிகமானோர் கேட்டார்கள்; பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடியாயின. 1988-இல் பிரிட்டோரியாவில் நம் ஆயர் பேரவையின் இல்லத்தை, உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது கொளுத்தியது போலீசார்தான் என்பதும் இப்படித்தான் வெளியே வந்தது.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியவை ஐந்து என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் வெளிப்படுத்துவது, பரிகாரம் செய்வது. இந்த ஐந்தையும் அந்த ஆணையத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நினைத்துப் பார்ப்பதும் வெளிப்படுத்துவதும் நடந்தன. இனிச் செய்வதில்லை என்பதற்குப் புதிய அரசியல் சட்டம் வந்தது. மனம் வருந்துவதையோ சட்டம் கேட்கவில்லை. விவரம் சொன்னால் போதும் என்றது. பரிகாரம் அரைகுறையாக நின்றது. ஆறு ஆண்டுகள் உதவித்தொகை தர வேண்டும் என்று ஆணையம் சொன்னது. அரசு 2003-இல் ஒரே தடவையாக 30,000 ராண்டு தருவதாக அறிவித்து முடித்துக்கொண்டது.

திமோல் வழக்கிலோ உண்மையே வரவில்லை. சம்பந்தப்பட்ட போலீசார் ஒருவரும் மன்னிப்புக் கேட்டு வரவில்லை. தாய் இறந்துவிட்டார். அவருடைய பேரன் விடாமல் தேடினார். 2017 அக்டோபரில் நீதிபதி ஒருவர், அது தற்கொலை அல்ல, தள்ளிவிடப்பட்டார் என்று தீர்ப்பளித்தார். 46 ஆண்டுகளுக்குப் பின்! குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் போலீஸ்காரர், வழக்கு நடக்கும் முன்பே 2021-இல் இறந்துபோனார். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டதாகத் தொடக்கநூல் சொல்கிறது. மண்ணுக்குள் போனது முடிந்துபோனது அல்ல.

இனி நம் பக்கம் வருவோம். நிறத்துக்குப் பதில் சாதியை வைத்தால் நம் கதையும் தொலைவில் இல்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோவிலை இரண்டு கால் வைத்த கால்சட்டை போல 1870-களில் கட்டினார்கள். பீடம் ஒன்று, மக்கள் நிற்க இரண்டு பக்கம், நடுவே தடுப்பு. 1910-இல் அருள்தந்தை கௌசானல் காலத்தில் தடுப்பு எடுக்கப்பட்டபோது, அதை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனவர்கள் அந்நியர் அல்ல, நற்கருணை வாங்கியவர்கள்.

1997-இல் நம் விருதுநகர் மாவட்டத்தில், ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு வீரரின் பெயரை வைத்ததை ஒட்டி மோதல் மூண்டது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரத்தில் உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. கடைசியில் தமிழ்நாடு முழுவதும் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்கள் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. பேருந்து பழையபடி ஓடியது. அமைதி என்றோம். அந்த ஐந்தில் எது நடந்தது? யார் யாரிடம் போய், நடந்தது இது என்று சொன்னார்? எரிந்த கூரைக்கு யார் ஓலை கொடுத்தார்? இன்றும் எதிரெதிர்த் தெருவில் இருந்துகொண்டு ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போகாதிருக்கும் குடும்பங்கள் உண்டு. ஞாயிறன்று ஒரே பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்புகிறோம்.

பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் சீழை உள்ளே வைத்துத் தையல் போட்டால் புண் ஆறாது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். சக்கேயு ஆண்டவரை வீட்டில் ஏற்றுக்கொண்ட அன்றே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். அதன் பிறகே இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார் இயேசு.

ஆகவே இந்த மாதம் இரண்டு காரியங்கள் செய்வோம். அன்பியக் கூட்டங்களில், நம் பகுதியின் கலவரங்களில் இறந்தவர்களை, எந்தத் தெருவினர் என்று பாராமல், பெயர் சொல்லிச் செபிப்போம். பெயர் தெரியாவிட்டால் விசாரித்துத் தெரிந்துகொள்வோம். இரண்டாவது, நாம் போகாமல் விட்ட ஒரு வீட்டுக்குப் போவோம். சமாதானம் பேச வேண்டியதில்லை. முதலில் உட்கார்ந்து, அவர்களுக்கு நடந்ததை அவர்கள் வாயால் கேட்போம்.

கொலையுண்ட அனைவருக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியைத் தருவாராக. அவர்களைப் பறிகொடுத்த தாய்மாரோடு வியாகுல அன்னை உடன் இருப்பாராக. ஆமென்.