வலி வரவா, செலவா?

நான் பி.காம். படித்தவன். வலியை எந்தக் கணக்கில் எழுதுவாய் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு நஷ்டக் கணக்கில்தான் எழுதுவேன். நீங்களும் அப்படித்தானே? ஆனால், வேலூரில் ஒரு டாக்டர் அதை வரவில் எழுதினார்!

பால் பிராண்ட். 1914-ல், மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தானாக அழுகி உதிரும் என்று பலரும் நம்பிய காலம் அது. பிராண்டும் அவருடைய சகாக்களும் கூர்ந்து கவனித்தபோது வேறொன்று தெரிந்தது. நோய் நரம்பை மரக்கடித்துவிடுகிறது. சுட்டாலும் தெரியாது, குத்தினாலும் தெரியாது. செருப்பில் ஆணி ஏறியிருக்கும். மனுஷன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார். வலிக்காததால் புண் ஆறுவதே இல்லை!

1948 முதல் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பாதங்களுக்கு? ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோலுக்கும் காலணிக்கும் பேர்போன இந்த வட்டாரத்திலேயே, மரத்துப்போன கால்களுக்கென்று மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் உருவாயின.

1950-களில், இங்கிலாந்தில் ஓர் இரவு. காலுறையைக் கழற்றிய பிராண்டுக்குக் குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்தினார். வலிக்கவில்லை. நமக்கும் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூக்கமில்லை. காலையில் மறுபடி குத்தினார். சுரீர்! அந்த வலிக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், விசுவாசிகள் எல்லோரும் ஒரே உடல், ஆளுக்கொரு உறுப்பு என்று வரும். 'ஒற்றுமையாக இருங்கள்' என்று அதற்கு அர்த்தம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பிராண்ட் அதை உள்ளே இறங்கிப் படித்தார். நோயாளிகள் சிலர் தங்கள் கையையே யாருடையதோ போலப் பேசியதைக் கேட்டவர் அவர். வலி தெரியாத உறுப்பு அந்நியமாகிவிடுகிறது. அப்படியானால் கருணை என்பது மேலே நின்றுகொண்டு போடும் பிச்சை இல்லை. அடுத்தவன் வலியை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிற நரம்பு! பிலிப் யான்சியோடு சேர்ந்து 1980-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தின் சாரம் இதுதான்.

இப்போது நம்மை நாமே ஊசியால் குத்திப் பார்ப்போமா?

2015 ஜனவரி 31, அதிகாலை. ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் செய்தி நமக்கு எத்தனை நாள் வலித்தது? இல்லை... வலித்ததா?

இன்று ராத்திரி ஷூவைக் கழற்றும்போது அவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உள்ளே எங்கேயோ சுருக்கென்றால், கவலைப்படாதீர்கள். நரம்பு உயிரோடுதான் இருக்கிறது.

வரவில் எழுதிக்கொள்ளுங்கள்.