திருச்சபைத் தலைவர்களும் தமிழ்ப் பட்டங்களும்

திருப்பெரும்பூதூர் என்றதும் இன்றைய மாணவர் மனத்தில் மோட்டார்த் தொழிற்சாலைகளே தோன்றும். அங்கிருந்து ஒரகடம் வரை ஆலைகள் நிரை நிரையாக எழுந்துள்ளன. ஆயினும் அவ்வூரின் பழம்பெருமை, இராமாநுசர் பிறந்த தலம் என்பதே. அவர் 1017-ஆம் ஆண்டில் தோன்றினார் என்பது மரபு. அடியார்கள் அவரை உடையவர் என்பர், எம்பெருமானார் என்பர், எதிராசர் என்பர், இயற்பெயரால் சுட்டுவது அரிது. குருவைச் சிறப்புப் பெயரால் வழங்குவது தமிழ்நாட்டுப் பண்பாடு. கடல் கடந்து வந்த கிறிஸ்தவ சமயத்தின் தலைவர்களுக்கும் தமிழர் இவ்வாறே பெயர் சூட்டினர். அப்பெயர்களின் வரலாற்றை மாணவ நண்பர்களாகிய உங்களுடன் ஆராய விரும்புகிறேன். ஒரு சமுதாயம் மனிதரை எவ்வாறு வரிசைப்படுத்துகிறது என்பதைப் பட்டங்கள் காட்டிக் கொடுக்கும் என்பது என் கருத்து.

முதலில் வந்தது போர்த்துகீசியச் சொல். தந்தை எனப் பொருள்படும் 'பாத்ரே' தமிழில் 'பாதிரி' ஆயிற்று. தமிழர் அதனோடு 'ஆர்' என்னும் மரியாதை விகுதியைச் சேர்த்துப் 'பாதிரியார்' என்றனர். சொல் அயலது, மரியாதை நம்முடையது.

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியத் துறவி இராபர்ட் தெ நொபிலி, ஐரோப்பியரைச் சுட்டிய 'பறங்கி' என்னும் பெயர் இழிவாகக் கருதப்பட்டதைக் கண்டார். எனவே காவியுடுத்தி, புலால் நீக்கி, தத்துவ போதகர் எனப் பெயர் கொண்டு, 'ஐயர்' என அழைக்கப்பட்டார். இம்முறை குறித்து எழுந்த வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

ஆயினும் அப்பட்டத்திற்கு ஒரு விலை இருந்தது. 'ஐயர்' என்னும் நிலையில் வாழ்ந்த துறவி, ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழக இயலவில்லை. ஆகவே 1640 அளவில் 'பண்டார சுவாமிகள்' என்னும் வேறொரு பிரிவினர் தோன்றினர். பல்தசார் தா கோஸ்தா அவர்களுள் முதல்வர். ஒரே திருச்சபை, ஒரே மறை; எனினும் குருமாருக்கு இரண்டு பெயர்கள். ஊரின் சாதிப் பிரிவு பட்டத்திலும் புகுந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

காலம் அச்சொல்லை வேறு திசையில் நடத்திற்று. சீர்திருத்தத் திருச்சபையினரும் தம் குருமாரை 'ஐயர்' என்றே வழங்கினர். ஜி. யு. போப், போப்பையர் ஆனார். இரேனியஸ், இரேனியஸ் ஐயர் ஆனார். பின்னர்த் தமிழரே குருமாராயினர். தரங்கம்பாடியில் 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் அவர்களுள் முன்னோடி. நாளடைவில் எக்குலத்தில் பிறந்த குருவும் தம் சபை மக்களுக்கு 'ஐயர்' ஆனார். பிரித்து வைத்த பட்டம் பொதுச் சொத்தாயிற்று.

இனி, குருமாருக்கு மேற்பட்ட தலைவரைக் கருதுவோம். கத்தோலிக்கர் அவரை முன்பு 'மேற்றிராணியார்' என்றனர். சீர்திருத்தத் திருச்சபையினர் 'அத்தியட்சர்' என்றனர். 1877-இல் அப்பதவி ஏற்ற கால்டுவெல் இப்பட்டத்தால் குறிக்கப்பெற்றவர். இப்பதவிக்குரிய கிரேக்க மூலச்சொல் 'எபிஸ்கோபோஸ்' என்பது. மேற்பார்வை செய்பவர் என்பது அதன் பொருள். அத்தியட்சர் என்னும் வடசொல்லுக்கும் அதுவே பொருள். தமிழ் வேதாகமம் 'கண்காணி' என்னும் சொல்லையும் ஆள்கின்றது. ஒரகடத்து ஆலையில் 'சூப்பர்வைசர்' என்று நாள்தோறும் ஒலிக்கும் சொல்லும் இப்பொருளதே! உயர்ந்த பட்டமாக விளங்குவது, அடிப்படையில் ஒரு வேலையின் பெயர்.

இன்று பெருவழக்குப் பெற்றுள்ள 'ஆயர்' தூய தமிழ்ச் சொல். ஆக்களை மேய்ப்பவர் என்பது அதன் பொருள்; முல்லை நிலத்து மக்களின் பெயர். இதன் வழக்கில் மாணவர் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும். கத்தோலிக்கருள் மறைமாவட்டத் தலைவர் ஆயர்; உயர்மறைமாவட்டத் தலைவர் பேராயர். ஆதலின் 2002-இல் சென்னை–மயிலையிலிருந்து பிரிந்த செங்கற்பட்டு மறைமாவட்டத்தின் தலைவர் ஆயர். சென்னை–மயிலையின் தலைவர் பேராயர். 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலோ, ஒவ்வொரு திருமண்டலத்தின் தலைவரும் பேராயரே. எத்திருச்சபை என்றறியாமல் பட்டத்தை மட்டும் கொண்டு பதவியைத் துணிதல் தவறு.

'ஆண்டகை' என்னும் பட்டமும் உண்டு. 1923-இல் தூத்துக்குடியின் முதல் ஆயரான திபுர்சியுஸ் ரோச், 'ரோச் ஆண்டகை' எனப் போற்றப்பட்டார். ஆண்+தகை என்று பிரியும் இச்சொல் ஆண்மைச் சிறப்பைக் குறிப்பது. 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பலலிதா நந்தியால் பேராயர் ஆனபோது அத்திருச்சபை தன் முதல் பெண் பேராயரைக் கண்டது. அவருக்கு 'ஆண்டகை' என்பது பொருந்துமா? 'பேராயர்' என்பதோ இருபாலார்க்கும் தடையின்றிப் பொருந்துகிறது. தகுதியைப் புகழும் சொல்லுக்கு எல்லையுண்டு. தொழிலைக் கூறும் சொல் யாரையும் ஏற்கும்.

ஆதலின் ஒரு பட்டத்தைக் கேட்கும்போது இரண்டு வினாக்களை எழுப்புங்கள்: இச்சொல் எவரை அருகில் அழைக்கிறது? எவரை விலக்கி நிறுத்துகிறது? மேய்ப்பர் என்னும் பெயருடையவரை அவர்தம் மந்தையின் நலத்தைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவுகோலைக் கையில் தருவதே நல்ல பட்டத்தின் பயன்.